பெரியம்மாவின் பத்து ஆம்பியர்

என் பெரியம்மாவுக்குப் பொய் சொல்ல வராது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதை யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியாது. பெரியம்மாவே கிளப்பிவிட்டிருக்கலாம்.

அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் சமையல்கூடத்தில் ரொட்டியும் பன்னும் போடும் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தவள். ஆள் குள்ளம், நடை வேகம். இரண்டு கைகளிலும் சூடான தட்டுகளை ஏந்திக்கொண்டு "வழி, வழி" என்று கத்தியபடி நடைபாதையில் பாய்ந்து வருவதால் அங்கே எல்லோருக்கும் அவள் ‘ட்ரே அக்கா’. தலைமை மருத்துவரே ஒருமுறை சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டாராம். இதைப் பெரியம்மா சொல்லும்போது அந்த மருத்துவரின் உயரம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறையும்.

ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்புகிற இடம் அது. கூட வேலை பார்த்தவர்கள் கடிகாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எல்லோரும் சேர்ந்து பெரியம்மாவுக்கு ஒரு எலக்ட்ரிக் ஓவன் வாங்கிக் கொடுத்தார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு, வேலை முடிந்தால் ‘டிங்’ என்று மணி. வாடகை வண்டியில் அதைப் பக்கத்தில் உட்காரவைத்து, பள்ளம் வந்தபோதெல்லாம் அணைத்துப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

வாசலிலேயே பெரியப்பா மறித்துவிட்டார். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்பக்கம் ஒட்டியிருந்த பொடி எழுத்தைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.

"ரெண்டாயிரம் வாட்ஸ். இந்த வீட்டு ஒயர் தாங்காது. திருப்பிக் குடுத்துடு."

"ஆசையா குடுத்ததைத் திருப்பிக் குடுத்தா மரியாதையா இருக்குமாங்க?"

"வீடு எரிஞ்சா மரியாதையா இருக்குமா?"

பெரியப்பா கஞ்சர் இல்லை. துணிக் கிடங்கு ஒன்றில் பொறுப்பாளராக இருந்தவர். அங்கே அடிக்கடி பியூஸ் போகிறதென்று யாரோ ஒரு புத்திசாலி பியூஸ் கட்டையில் தடிமனான கம்பியைச் சுற்றிவைக்க, பியூஸ் போவது நின்றது. பிறகு ஒரு நாள் கிடங்கே போனது. ஆட்கள் தப்பித்துவிட்டார்கள். எரிந்த துணி நாள்கணக்கில் புகைந்துகொண்டே இருந்ததைப் பெரியப்பா தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவருக்குப் பியூஸ் ஒரு தனி விஷயமாகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் இதைச் சொல்லிவிடுவார்:

"பியூஸ்ங்கிறது மிஷினுக்காக இல்ல. சுவத்துக்குள்ள ஓடுதே ஒயர், அதுக்காக. ஒயர் சூடாகுறதுக்கு முன்னாடி பியூஸ் சாகணும். அது செத்தாதான் நாம பிழைப்போம்."

அந்த வீட்டின் ஒயர் பழசு. அதற்குப் பத்து ஆம்பியர் கம்பிதான் சரி என்று அவர் முடிவு கட்டியிருந்தார். ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அந்தக் கம்பிச் சுருளும், ஒரு குட்டித் திருப்புளியும், ஒரு டார்ச்சும் எப்போதும் தயாராக இருக்கும்.

பெரியம்மா மறுபேச்சுப் பேசவில்லை. "சரிங்க, குடுத்துடறேன்" என்றாள். ஓவனை அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். தெருவைச் சுற்றிப் பின்வாசல் வழியாக வந்து, சாமான் அறையில் இறக்கினாள். பழைய துணி துவைக்கும் மிஷின் இருந்த மூலை அது. மிஷின் போய்விட்டது, அதற்கான பெரிய பிளக் மட்டும் சுவரில் காத்துக்கொண்டிருந்தது. ஓவன் மேல் பூப்போட்ட மேசை விரிப்பு ஒன்றைப் போர்த்தி, அதன் மேல் ஒரு பூச்சாடியை வைத்தாள். அவ்வளவுதான்.

பெரியப்பா தினமும் காலையில் ஒரு நண்பர் வீட்டுக்குச் சதுரங்கம் ஆடப் போவார். அவர் தெருமுனை திரும்பியதும் பூச்சாடி இறங்கும். வாசனையைப் பற்றிக் கவலையே இல்லை. மூக்கில் ஆபரேஷன் ஆன பிறகு பெரியப்பாவுக்கு வாசனை என்பது மற்றவர்கள் சொல்லிக் கேள்விப்படுகிற சமாச்சாரம். ஒரே ஒருமுறைதான் சீக்கிரம் திரும்பிவிட்டார். சாமான் அறையில் எதையோ தேடியவர், பூச்சாடிக்குப் பக்கத்தில் கையை ஊன்றிவிட்டு, "இந்தப் பெட்டி என்ன இவ்வளவு சூடா இருக்கு?" என்றார்.

"வெயில்" என்றாள் பெரியம்மா.

அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. இருந்தும் பெரியப்பா தலையாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பெரியம்மாவுக்குத்தான் பொய் சொல்ல வராதே!

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நான் அந்த வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தேன். பல் ஆஸ்பத்திரியில் எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. மாடிக்குத் தனி மீட்டர், தனி ஒயர். கீழே என்ன போனாலும் எனக்கு விளக்கு எரியும். ஆனால் வாசனை படியேறி வந்துவிடும். முதல் நாளே அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு கீழே போய்விட்டேன். பெரியம்மா என்னைப் பார்த்தாள், கத்தியை எடுத்தாள், கேக்கில் ஒரு பெரிய துண்டு வெட்டி என் வாயில் வைத்து அடைத்தாள். அதற்குப் பிறகு அந்த ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது.

மற்ற கேக்கெல்லாம் பூங்காவுக்குப் போகும். அங்கே மாலையில் நடக்கிற பெண்கள் கூட்டம் ஒன்று உண்டு. எல்லோரும் எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியவர்கள். ஒரு சுற்று நடப்பார்கள், பிறகு பெஞ்சில் உட்கார்ந்து பெரியம்மாவின் பையைத் திறப்பார்கள். பெரியம்மா அந்தப் பூங்காவுக்கு வரத் தொடங்கிய பிறகு ஒருத்திகூட ஒரு கிலோ குறையவில்லை. ஒருத்தியும் நடையை நிறுத்தவும் இல்லை.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. அப்புறம் மாப்பிள்ளை வந்தார்.

பெரியம்மாவின் ஒரே மகள், என் அக்கா, கணவரோடு வாடகை வீட்டில் இருந்தாள். அவர்கள் வாங்கிய புது ஃப்ளாட்டில் வேலை முடியவில்லை, வாடகை வீட்டையும் காலி செய்தாக வேண்டும். நடுவில் கொஞ்ச நாள் இங்கே தங்கிக்கொள்ள வந்தார்கள். அக்காவுக்குப் பகலில் ஆபீஸ். மாப்பிள்ளைக்கு ராத்திரி ஷிப்ட். பகலில் தூங்கித்தான் ஆகவேண்டும். தூங்க ஏ.சி. வேண்டும். பெட்டி படுக்கையோடு ஏ.சி.யும் வந்து இறங்கியது.

பெரியப்பா அதன் பின்பக்கத்தையும் படித்தார். விரலால் காற்றில் கணக்குப் போட்டார்.

"இது ஓடும்போது ஆறு ஆம்பியர். கிளம்பும்போது மட்டும் ஒரு இழுப்பு அதிகமா இழுக்கும், அது கண் சிமிட்டுற நேரம். பத்து ஆம்பியர் கம்பி தாங்கும். வேற பெரிய லோடு எதுவும் அந்த லைன்ல கிடையாது. போடுங்க மாப்பிள்ளை."

பெரியம்மா அப்போது காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றுவது ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. சாமான் அறை பிளக்குக்கும் அதே லைன்தான்.

மறுநாள் காலை. பெரியப்பா சதுரங்கத்துக்குப் போனார், அக்கா ஆபீஸ் போனாள், மாப்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். பெரியம்மா ஓவனைப் போட்டாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அறை குளிர்ந்ததும் ஏ.சி. தானாக நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிளம்ப ஒரு இழுப்பு இழுத்தது. படக்! ஏ.சி. நின்றது, ஓவன் இருண்டது, கேக் நடுவில் குழிந்தது. முன்னறைக் கதவு திறந்து, தலையெல்லாம் கலைந்த மாப்பிள்ளை வெளியே வந்தார்.

"அத்தை, பியூஸ் போயிடுச்சு போல."

"அடடா" என்றாள் பெரியம்மா. அதற்குள் பூச்சாடி மேலே ஏறியிருந்தது.

அது ஒரு நாளோடு நிற்கவில்லை. சில நாள் போகும், சில நாள் போகாது. பெரியம்மா மாவு பிசையாத நாளில் போகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் வாயில்தான் கேக் இருந்ததே. மாமனாரும் மருமகனும் மாலைதோறும் பியூஸ் பெட்டிக்கு முன்னால் நின்று சண்டை போட்டார்கள். சண்டையென்றால் மரியாதையான சண்டை. இருவரும் ‘ங்க’ போட்டே பேசினார்கள், குரல் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

"கம்பி ரொம்ப மெல்லிசுங்க மாமா. இருபது போட்டா ஒரு தொந்தரவும் இல்ல."

"கம்பி சரியா இருக்குங்க மாப்பிள்ளை. உங்க ஏ.சி.தான் சரியில்ல."

"புது ஏ.சி. மாமா!"

"புதுசுன்னா யோக்கியமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ஒரு மீட்டரை இரவல் வாங்கி வந்தார். கிடுக்கி மாதிரி வாயைத் திறந்து ஒயரைக் கவ்வினால் எத்தனை ஆம்பியர் ஓடுகிறதென்று காட்டும். இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏ.சி.யை ஓடவிட்டு, அதையே உற்றுப் பார்த்தார்கள். ஆறு. மறுபடி பார்த்தார்கள். ஆறுக்கு மேல் ஏறவே இல்லை. பெரியம்மா நடுவில் வந்து, "ரெண்டு பேரும் ரொம்ப நேரமா பாக்குறீங்களே, குட்டி போடுமா?" என்று கேட்டுவிட்டு, டீயை வைத்துவிட்டுப் போனாள்.

அன்று பூராவும் பியூஸ் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவனுக்கு விடுமுறை.

பெரியப்பா கலங்கிப்போனார். எலி கடித்திருக்கலாம் என்றார். தெருக் கம்பத்தில் கோளாறு என்றார். கடைசியில், "பகல்ல மட்டும் ஏதோ நடக்குது" என்று தாடையைத் தடவிக்கொண்டு சொன்னபோது, சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் ஒரு நாள் பியூஸ் போகவே இல்லை. ஏ.சி. ஓடியது, நின்றது, மறுபடி கிளம்பியது. ஓவனும் ஓடிக்கொண்டே இருந்தது. கேக் இரண்டு விரல் உயரத்துக்கு உப்பி வந்தது. நான் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "இன்னைக்கு நம்ம நல்ல நேரம் பெரியம்மா" என்றேன்.

அவளோ மூக்கை உயர்த்தி மோந்துகொண்டிருந்தாள். கேக் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை. பிளாஸ்டிக் கருகுகிற வாசனை. கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். முன்னறைக்குப் போகிற ஒயரும் சாமான் அறைக்குப் போகிற ஒயரும் பிரிகிற இடத்தில் சுவரில் ஒரு சின்ன மூடி இருந்தது. அதன் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். காலமெல்லாம் அடுப்புக்கு முன்னால் நின்றவள். சூட்டைப் பற்றி அவள் கைக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

"வழி, வழி!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். வழியில் யாருமே இல்லை. நேராகப் போய் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

பியூஸ் கட்டையை உருவிப் பார்த்தால், கம்பி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கொண்டை ஊசி. வளைத்து, நெளித்து, திருகு வைத்து முடுக்கி, அழகாக உட்கார்ந்திருந்தது. பெரியம்மா அதை வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் தலைமுடியை ஆஸ்பத்திரி நாளிலேயே கத்தரித்துக்கொண்டவள், கொண்டையே கிடையாது. நான் சடைக்காரி. இது அக்காவுடையது. அக்கா பல்பு மாற்றவே பயப்படுவாள். மிச்சம் யார் என்பதற்குத் துப்பறிய வேண்டியதில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் குறட்டை கேட்டது.

"பெரியப்பாகிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

"என்னன்னு சொல்றது? ஊசியால சுவர் சூடாச்சுன்னா, வெறும் ஏ.சி.க்கு எப்படிச் சூடாகும்னு கேப்பாரு. அவருக்கு ஆறு ஆம்பியர் மனப்பாடம்."

அதுதான் சிக்கல். மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் அவளும் மாட்டுவாள். கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, பத்து ஆம்பியர் கம்பியை அளவாக வெட்டி, கட்டையில் சுற்றி மாட்டினாள். ஊசியைத் துணியில் சுற்றி மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

மாப்பிள்ளை மதியம் எழுந்து, யாருமில்லாத சமயம் பார்த்துப் பியூஸ் பெட்டியைத் திறந்தார். ஊசி இல்லை. முறையான கம்பி இருந்தது. மாமனார் கண்டுபிடித்துவிட்டார் என்று முடிவு செய்து, அன்று மாலை முழுக்க ஏச்சு விழும் என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா அவரைப் பார்த்து அன்பாக, "என்னங்க மாப்பிள்ளை, இன்னைக்காவது நல்ல தூக்கமா?" என்று கேட்டார். மாப்பிள்ளைக்குப் புரையேறியது. நான் தலையில் தட்டினேன்.

ஏச்சு வரவே இல்லை. அதனால் மாப்பிள்ளைக்குத் துணிச்சல் வந்தது. இந்தத் தடவை செப்புக் கம்பிகளை முறுக்கித் தடிமனாக வைத்தார். ஆனால் பெரியம்மா இப்போது ஓவனைப் போடுவதற்கு முன்னால் கட்டையைப் பார்க்காமல் இருப்பதில்லை. செப்பை எடுத்தாள், பத்து ஆம்பியரைப் போட்டாள், பன் சுட்டாள். பியூஸ் போனது. வியர்த்து எழுந்து வந்த மாப்பிள்ளை, தன் கையால் முறுக்கி வைத்த கம்பி, தலைமுடி மாதிரி மெலிந்து, நடுவில் அறுந்து கிடப்பதைப் பார்த்தார். யாரிடம் கேட்பது? கேட்டால், "நீ என்ன வைத்தாய்?" என்று வரும். இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை. "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்ட அக்காவிடம், "இந்த வீட்ல ஏதோ இருக்கு" என்று மட்டும் சொன்னாராம்.

மூன்றாம் தடவை அவர் தூங்கவில்லை. ஏ.சி.யை ஓடவிட்டு, போர்வைக்குள் தலையணையைப் படுக்கவைத்துவிட்டு, கூடத்துத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார். பெரியம்மா கம்பிச் சுருளோடு வந்து, ஸ்டூலில் ஏறிப் பெட்டியைத் திறந்தாள்.

"அத்தை!"

"சத்தம் போடாதீங்க மாப்பிள்ளை. உள்ள மாவு பொங்கிட்டிருக்கு."

"எந்த மாவு?"

சொன்ன பிறகுதான் பெரியம்மாவுக்கு உறைத்தது. ஸ்டூலிலிருந்து இறங்கி அவரைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போனாள். நான் ஏற்கெனவே அங்கே வாயில் முந்தின நாள் பன்னோடு நின்றிருந்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், ஓவனைப் பார்த்தார், பூச்சாடியைப் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாளா நான் தூக்கமில்லாம செத்தது இதனாலயா?"

"பாதி இதனால. பாதி உங்க ஏ.சி.யால. ரெண்டும் தனித்தனியா நல்லதுங்கதான். ஒண்ணா சேந்தாதான் வம்பு."

"சொல்லியிருந்தா நீங்க சுடாத நேரத்துல நான் தூங்கியிருப்பேனே அத்தை!"

"நீங்க ஊசி வைக்கிறேன்னு சொல்லிட்டா வெச்சீங்க?"

பெரியம்மா அவரைக் கூடத்துக்கு இழுத்துவந்து சுவர் மூடிக்குப் பக்கத்தில் காட்டினாள். வெள்ளைச் சுண்ணாம்பில் டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு படர்ந்திருந்தது. குரலை அவள் உயர்த்தவே இல்லை.

"இது உங்க பொண்டாட்டியோட கொண்டை ஊசி செஞ்சது. அன்னைக்கு நீங்க உள்ள குறட்டை விட்டுட்டு இருந்தீங்க. கதவு வேற சாத்தியிருந்துச்சு."

அவர் அந்தக் கறையின் மேல் விரல் வைத்துவிட்டு, விரலைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "இனிமே அந்தப் பெட்டியைத் தொட மாட்டேன் அத்தை" என்றார். பெரியம்மா மிச்சமிருந்த இரண்டு பன்னை நீட்டினாள். இரண்டையும் தின்ற பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

இனி ஒளித்துப் பயனில்லை, ஓவனுக்குத் தனியாக ஒரு நல்ல ஒயர் இழுத்தாக வேண்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது? "அதை எங்கிட்ட விடுங்க" என்றாள் பெரியம்மா.

ஞாயிறு மதியம், சாப்பிட்டு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா ஒன்றும் தெரியாதவள் போல ஆரம்பித்தாள்.

"ஏங்க, பார்க்குக்கு வர்றவ ஒருத்தி ஒரு சந்தேகம் கேட்டா. அவ வீட்ல ஒரே லைன்ல ஏ.சி.யும் ஓடுது, ரெண்டாயிரம் வாட்ஸ் ஓவனும் ஓடுது. அடிக்கடி பியூஸ் போகுதாம். பெரிய பியூஸ் போடலாமான்னு கேக்குறா."

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். யாராவது தன்னிடம் பியூஸ் சந்தேகம் கேட்கமாட்டார்களா என்று எத்தனையோ காலமாகக் காத்திருந்தவர் அவர்.

"ஐயோ, கூடவே கூடாது! பாரு, ரெண்டாயிரத்தை வோல்ட்டால வகுத்தா ஓவனுக்கு ஒன்பது கிட்ட வரும். ஏ.சி.க்கு ஒரு ஆறு. ஓவன் ஓடிட்டிருக்கும்போது ஏ.சி. கிளம்புச்சுன்னா ஒரே இழுப்புல பியூஸ் போகத்தான் செய்யும். போறது நல்லது. பியூஸைப் பெருசாக்குனா ஒயர் வேகும். யாரு அந்த ரெண்டையும் ஒரே லைன்ல மாட்டுன அறிவாளி?"

"பாவம், தெரியாம செஞ்சிருப்பா."

"தெரியாமலாவது? சரி, கேளு. பியூஸைத் தொடவே வேண்டாம். ஓவனுக்குத் தனி லைன் இழுக்கணும், பெட்டியிலேருந்து நேரா. இருபது ஆம்பியர் தாங்குற தடி ஒயர். அதுக்குத் தனி கட்டை, அதுல பதினஞ்சு ஆம்பியர் கம்பி. லோடை விட ஒரு படி மேல, ஒயரை விட ஒரு படி கீழ. அதுக்கப்புறம் அந்தம்மா விடிய விடிய சுடட்டும்."

"அப்படிச் செஞ்சா ஓவன் வெச்சுக்கலாமா? பயமில்லையா?"

"என்ன பயம்? முறையா செஞ்சா எதுக்குப் பயம்? நான் சொன்னேன்னு சொல்லு."

"நல்ல ஆளுதான் கிடைக்க மாட்டேங்குதாம்."

"நம்ம எலக்ட்ரீஷியனை அனுப்புறேன், இரு." அந்தச் சூட்டிலேயே போனை எடுத்துவிட்டார். எதிர்முனையில் எடுத்ததும் எல்லாவற்றையும் ஒப்பித்தார். நாளைக்கே போகவேண்டும் என்று உத்தரவு போட்டார். பிறகு போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கி, "எந்த வீடுன்னு கேக்குறான்" என்றார்.

"நம்ம வீடுதாங்க" என்றாள் பெரியம்மா.

பெரியப்பா போனை மேசை மேல் வைத்தார், அணைக்காமலே. எழுந்தார். யாரும் சொல்லாமலே நேராகச் சாமான் அறைக்குப் போனார். மேசை விரிப்பு விலகுகிற சத்தம் கேட்டது. நாங்கள் போய்ப் பார்த்தபோது அவர் பூச்சாடியை மார்போடு பிடித்துக்கொண்டு, கண்ணாடிக் கதவில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னையிலேருந்தேவா?"

"ஆமாங்க."

"வெயில்னு சொன்ன."

"சொன்னேன்."

என் பக்கம் திரும்பினார். நான் கூரையைப் பார்த்தேன். "அப்ப எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருக்கலாம். கோபமே இல்லாமல் சொன்னார்.

பெரியம்மாவின் குறும்பெல்லாம் அந்த இடத்தில் நின்றுபோனது. புடவை நுனியைத் திருகிக்கொண்டு பேசினாள்.

"நீங்க பயந்தது எனக்குப் புரியாம இல்லைங்க. கிடங்கு எரிஞ்ச அன்னைக்கு நீங்க வீட்டுக்கு வந்த கோலத்தைப் பாத்தவதானே நான். ஆனா, ஒரு வார்டு பூரா சாப்பிட சுட்ட கை இது. ரிட்டயர் ஆனதும் ரெண்டு பேருக்குச் சமைச்சுட்டு, கையை மடியில வெச்சுட்டு உக்காருன்னா, எங்கே உக்காரும்?"

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல? தனி லைன் போட்டிருப்பேன்ல?"

"வாசல்ல வெச்சே பதில் சொல்லிட்டீங்களே. உள்ள வந்து கேக்க விட்டீங்களா?"

பெரியப்பா பூச்சாடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் மாற்றி மாற்றிப் பிடித்தார். அதைப் பார்த்து மாப்பிள்ளைக்கு நெஞ்சு உருகிவிட்டது. தப்பான நேரத்தில் உருகியது.

"மாமா, அத்தையை ஒண்ணும் சொல்லாதீங்க. நானும் தப்புப் பண்ணிட்டேன். பியூஸ்ல கொண்டை ஊசி வெச்சது நான்தான்."

பெரியப்பா மெதுவாகத் திரும்பினார். "என்ன ஊசி?"

பெரியம்மா கண்ணால் ‘வேண்டாம்’ என்றாள். மாப்பிள்ளை பார்க்கவில்லை. "கொண்டை ஊசி மாமா. அப்புறம் ஒரு தடவை செப்பு…"

அதன் பிறகு அந்த வீட்டில் எழுந்த சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். இரண்டு வருட ஓவன் ஒரே நொடியில் மறந்துபோனது. "தலையில குத்துற சாமானை! என் பியூஸ் கட்டையில! என் வீட்ல!" என்று பெரியப்பா பூச்சாடியை ஆட்டி ஆட்டிக் கத்த, மாப்பிள்ளை சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள, ஆபீஸில்கூட அதட்டிப் பேசாத அக்கா, "என் ஊசியா அது? புது செட்டுங்க!" என்று தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டாள். பெரியம்மா ஓரமாக நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கூடத்து மேசையிலிருந்து போன், "ஹலோ சார், எந்த வீடு? ஹலோ?" என்று கத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். கறை படிந்த இடத்தைத் திறந்து பார்த்து, ‘உச்’ கொட்டிவிட்டு, அந்தப் பழைய ஒயரை வெட்டிப் புதிது போட்டார். ஓவனுக்குத் தடி ஒயர் தனியாகச் சமையலறைக்கு வந்தது. பெரியப்பா அவர் பின்னாலேயே நின்று ஒவ்வொரு திருகையும் தானே ஒருமுறை முடுக்கிப் பார்த்தார். பதினைந்து ஆம்பியர் கம்பியை வெட்டிக் கட்டையில் சுற்றியது அவர்தான், யாரையும் தொட விடவில்லை. அந்த இரண்டு நாளும் பெரியம்மாவோடு அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை சதுரங்கத்துக்குப் போகாமல் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "போடு, பாக்கலாம்" என்றார்.

அவள் ஓவனைப் போட்டாள். முன்னறையில் ஏ.சி. நின்றது, கிளம்பியது. ஒன்றும் ஆகவில்லை. பெரியப்பா எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கேக் வெந்ததும் ஒரு சின்னத் துண்டு கேட்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு என்பதால் விரல் நகம் அளவுதான் கிடைத்தது. மென்றுவிட்டு, "வாசனை எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார். நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் அக்காவும் மாப்பிள்ளையும் புது ஃப்ளாட்டுக்குப் போனார்கள். மாப்பிள்ளை அதற்குள் பெரியப்பாவை விட மோசமாகிவிட்டிருந்தார். விருந்துக்கு வந்தவர்களைச் சாப்பிட விடாமல் பியூஸைப் பற்றிச் சொல்கிறார் என்று அக்கா புலம்பினாள். அவர் பேச்சைக் கேட்டு அந்தக் கட்டடமே மிரண்டுபோய், மாமனாரைக் கூட்டி வாருங்கள் என்று கேட்க, பெரியப்பா ஒரு சனிக்கிழமை பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஆளைக் காணோம். பெரியம்மா போன் போட்டாள்.

"இப்ப வர முடியாது. மேல் வீட்ல ஹீட்டரும் மோட்டாரும் ஒரே லைன்ல வெச்சிருக்காங்க. எதிர் வீட்லயும் பாக்கச் சொல்றாங்க. நீ சாப்பிடு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பெரியம்மா கொஞ்ச நேரம் போனையே பார்த்தாள். "என்னடி, இந்த மனுஷன் இவ்வளவு சந்தோஷமா பேசி நான் கேட்டதே இல்லையே" என்றாள். பிறகு புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, பெரிய தட்டை எடுத்து வெண்ணெய் தடவ ஆரம்பித்தாள். அந்தக் கட்டடத்தில் மொத்தம் எத்தனை வீடு என்று என்னிடம் கேட்டாள்.